கட்டிக்கு எத்தனையாவது தலைமுறை மாத்திரை?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

ஒரு வாரமாக வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கு மட்டும் நான்கு பேர் அனுப்பிவிட்டார்கள். ‘தோல் புண், கட்டி, சிரங்கு, கால் வீக்கம் – எந்த ஆன்டிபயாடிக் பெஸ்ட்?’ என்று தலைப்பு. கீழே ஏணி மாதிரி ஒரு படம். அடிப்படியில் அமாக்சிசிலின், செபலெக்சின், கோட்ரைமாக்சசோல். பக்கத்தில் ‘பழசு, பவர் கம்மி’. நடுப்படியில் அசித்ரோமைசின், செஃபிக்சிம், லீவோஃப்ளாக்சசின். ‘லேட்டஸ்ட், நல்ல பவர்’. உச்சியில் லினசோலிட், ‘எதற்கும் கேட்காத புண்ணுக்கு’. முடிவில் வழக்கம்போல, எல்லோருக்கும் பகிரவும், ஓர் உயிரைக் காக்கலாம்.

எழுதியவர் யாரென்று தெரியாது. ஆனால் அவர் எழுதியது நம்மில் பாதிப் பேர் மனதில் ஏற்கெனவே இருப்பதுதான். விலை கூடினால் வீரியம் கூடும், பெயர் புதிதானால் வேலை சீக்கிரம் முடியும் என்ற நம்பிக்கை. சாதாரணத் தோல் தொற்றுக்கு இந்த ஏணி தவறு மட்டுமில்லை, தலைகீழ். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் இந்தத் ‘தலைமுறை’ விவகாரம். செல்போனில் 3ஜி போய் 4ஜி வந்தது, பிறகு 5ஜி வந்தது. ஒவ்வொன்றும் முந்தையதைவிட வேகம். அதே கணக்கை மாத்திரைக்கும் போட்டுவிட்டார்கள். செபலெக்சினும் செஃபிக்சிமும் செஃபலோஸ்போரின் என்ற ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தில் தலைமுறை மாறும்போது மாறுவது எந்தக் கிருமியைத் தாக்கும் என்பதுதான். பள்ளியில் கிராம் சாயமேற்றல் படித்தது நினைவிருக்கிறதா? ஊதாவாகத் தெரிபவை கிராம் பாசிட்டிவ், இளஞ்சிவப்பாகத் தெரிபவை கிராம் நெகட்டிவ். தோலில் கட்டியும் சிரங்கும் உண்டாக்குபவர்கள் பெரும்பாலும் இரண்டே பேர்: ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனஸ். இருவரும் ஊதாக் கட்சி. முதல் தலைமுறையான செபலெக்சினுக்கு இந்தக் கட்சியை நன்றாகவே தெரியும். மூன்றாம் தலைமுறையான செஃபிக்சிம் குடலிலும் சிறுநீர்ப் பாதையிலும் தொல்லை தரும் கிராம் நெகட்டிவ் கிருமிகளுக்கான மருந்து. அந்தப் பக்கம் பலம் ஏறியபோது இந்தப் பக்கம் இறங்கிவிட்டது. ஸ்ட்ரெப்டோகாக்கஸை ஓரளவு அடிக்கும். கட்டிகளின் முதல் குற்றவாளியான ஸ்டஃபைலோகாக்கஸிடம் செஃபிக்சிம் செல்லாக்காசு.

அதாவது, வேனல்கட்டிக்கு ‘பவர் அதிகம்’ என்று வாங்கி விழுங்கும் மாத்திரை, அந்தக் கட்டியில் இருக்கும் கிருமியைத் தொடவே தொடாது. கொசுவுக்கு எலிப்பொறி வைத்த கதை.

“சார், எனக்கு அதைப் போட்டுத்தானே சரியாச்சு?” என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் கட்டிக்குள்ளேயே இருக்கிறது. சீழ் கோத்த கட்டி என்பது சுவர் எழுப்பிய ஒரு குழி. அதற்குள் ரத்த ஓட்டம் இல்லை. மாத்திரை ரத்தத்தில்தான் வரும். ரத்தம் போகாத இடத்துக்கு அது எப்படிப் போதிய அளவில் போய்ச் சேரும்? அதனால்தான் சீழ்க்கட்டிக்கு முதல் வைத்தியம் கீறி விட்டுச் சீழை வெளியேற்றுவது. நம் பாட்டிகள் மஞ்சளும் அரிசி மாவும் கிளறி வைத்துப் பழுக்கவிட்டது உடைந்து வெளியேறட்டும் என்றுதான். (அதற்காக இன்று ராஜபிளவைக்குக் களி வைத்துக் கட்டாதீர்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.)

கீறி விடுவதற்கு எவ்வளவு மதிப்பு? அமெரிக்காவில் ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தார்கள். 2017-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வு. 5 சென்டிமீட்டருக்கு மிகாத சீழ்க்கட்டி உள்ள 786 பேர், குழந்தைகள் உட்பட. எல்லோருக்கும் கீறி சீழ் எடுத்தார்கள். பிறகு மூன்று பிரிவு. ஒரு பிரிவுக்குக் கிளிண்டாமைசின், ஒரு பிரிவுக்குக் கோட்ரைமாக்சசோல், மூன்றாம் பிரிவுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. கிளிண்டாமைசினில் 83 சதவீதம் பேருக்குக் குணம். கோட்ரைமாக்சசோலில் 82. வெற்று மாத்திரையில் 69! மருந்து ஒரு துளி இல்லாமல், கத்தி மட்டும் பட்டு, பத்தில் ஏழு பேருக்குச் சரியாகியிருக்கிறது. அந்த ஏழு பேர் கையில் செஃபிக்சிமைக் கொடுத்திருந்தால் ஏழு பேரும் அதன் புகழைப் பாடியிருப்பார்கள். உங்களுக்குச் சரியான கதையும் இதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நானும் பட்டியல்காரர் மாதிரி ஆகிவிடுவேன். கீறியபின் மருந்தே வேண்டாம் என்று சொல்வதும் சரியில்லை. 69-க்கும் 82-க்கும் இடையே 13 பேர் இருக்கிறார்கள். 2016-இல் அதே இதழில் வந்த இன்னும் பெரிய ஆய்விலும் கோட்ரைமாக்சசோல் 80.5, வெற்று மாத்திரை 73.6. ஆக, மருந்து உதவுகிறது. எந்த மருந்து? பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும், மருந்துக்கடையில் கேட்டாலே ‘அதெல்லாம் இப்ப யாரு சார் எழுதுறாங்க’ என்று சிரிக்கும் கோட்ரைமாக்சசோல்.

இரண்டு நல்ல மருந்துகளை ஒப்பிட்டால் வருவது பெரும்பாலும் இந்த மாதிரி ஒன்றிரண்டு சதவீதம்தான். 2015-இல் கிளிண்டாமைசினையும் கோட்ரைமாக்சசோலையும் 524 பேரிடம் நேருக்கு நேர் மோதவிட்டார்கள்; 80.3-க்கு 77.7. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அப்படியானால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? பக்கவிளைவை வைத்து, நோயாளியை வைத்து. நான் சொன்ன 786 பேர் ஆய்வில் கிளிண்டாமைசின் எடுத்தவர்களில் 22 சதவீதம் பேருக்குப் பக்கவிளைவு, பெரும்பாலும் வயிற்றுப்போக்கு, கோட்ரைமாக்சசோலில் 11. மறுபக்கம், கிளிண்டாமைசின் எடுத்தவர்களுக்கு அடுத்த ஒரு மாதத்தில் புதுக்கட்டி வருவது பாதியாகக் குறைந்தது. சல்பா ஒவ்வாமை உள்ளவருக்குக் கோட்ரைமாக்சசோல் ஆபத்து. சிறுநீரகம் பழுதானவருக்குப் பொட்டாசியத்தை ஏற்றிவிடும். டாக்சிசைக்ளின் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. இதையெல்லாம் எடைபோடத்தான் டாக்டர். ஏணிப் படத்தில் கர்ப்பிணியும் இல்லை, சிறுநீரகமும் இல்லை.

அடுத்தது சீழ் இல்லாமல் கால் சிவந்து, சூடாகி, வீங்குவது. செல்லுலைட்டிஸ் என்பார்கள். தொடையிடுக்கில் நெறி கட்டும், குளிர்காய்ச்சல் வரும். இங்கேதான் ‘ரெண்டு மருந்தாச் சேத்துப் போட்டா சீக்கிரம் கேட்கும்’ என்ற வியாபாரம் நடக்கிறது. 2017-இல் ஜாமா இதழில் வந்த ஆய்வில் 500 பேர். ஒரு பாதிக்குச் செபலெக்சின் மட்டும், மறு பாதிக்குச் செபலெக்சினோடு கோட்ரைமாக்சசோலும். மருந்தைச் சரியாக எடுத்தவர்களில் ஒற்றை மருந்துக்காரர்கள் 85.5 சதவீதம் குணம், இரட்டை மருந்துக்காரர்கள் 83.5. சேர்த்ததால் ஒரு பைசா லாபமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட ஆன்டிபயாடிக் கையேடு இதற்கு முதலில் சொல்வது எவை தெரியுமா? அமாக்சிசிலின்-கிளாவுலனேட், செபலெக்சின், கிளாக்சாசிலின். சாதாரணத் தொற்றுக்கு 5 நாள். ஏணியின் அடிப்படியும் அதன் பங்காளிகளும்தான்.

இதில் வீட்டில் நடக்கும் ஒரு கூத்தைச் சொல்லியாக வேண்டும். சரியான மருந்தே எழுதியிருப்பார்கள். இரண்டாம் நாள் காலையில் பார்த்தால் சிவப்பு இன்னும் கொஞ்சம் பரவின மாதிரி இருக்கும். உடனே “இந்த டாக்டர் சரியில்ல, வேற பாப்போம்” என்று கிளம்பிவிடுவோம். அடுத்தவர் ஒரு படி மேலே எழுதுவார். மூன்றாம் நாள் இறங்க ஆரம்பிக்கும், பெயர் இரண்டாமவருக்கு. சரியான மருந்து உள்ளே போன பிறகும் முதல் ஒன்றிரண்டு நாள் சிவப்பு கூடுவது உண்டு, கிருமி செத்தாலும் வீக்கம் அடங்க நேரம் எடுக்கும். முதல் நாளே பால்பாயின்ட் பேனாவால் சிவப்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு வையுங்கள். காய்ச்சலும் வலியும் குறைகிறதா, மூன்றாம் நாள் கோடு தாண்டாமல் நிற்கிறதா என்று பாருங்கள். கால் விரல் இடுக்கையும் விரித்துப் பாருங்கள். சேற்றுப்புண் வெடிப்பு வழியாகத்தான் பெரும்பாலும் கிருமி உள்ளே போகிறது. சேற்றுப்புண் பூஞ்சை, அதை ஆற்றாமல் எத்தனை ஆன்டிபயாடிக் விழுங்கினாலும் அடுத்த மழைக்குக் கால் மறுபடி வீங்கும். (அக்கி இன்னும் வேறு. அது வைரஸ். அதற்கு எந்த ஆன்டிபயாடிக்கும் ஒன்றும் செய்யாது. குயவர் எழுதும் காவியாவது வயிற்றைக் கெடுக்காது.)

திரும்பத் திரும்பக் கால் வீங்குபவர்களுக்கு என்ன மருந்து வேலை செய்தது என்று இங்கிலாந்தில் பார்த்தார்கள். 274 பேர், ஓராண்டு. சாதாரணப் பெனிசிலின், 250 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை. அந்த ஆண்டில் மறுபடி வந்தது 22 சதவீதம் பேருக்கு. வெற்று மாத்திரைக்காரர்களில் 37. பெனிசிலின்! 1941 பிப்ரவரியில் ஆக்ஸ்போர்டில் முகமெல்லாம் புரையோடிக் கிடந்த ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரருக்கு ஊசியில் ஏற்றினார்களே, அதே குடும்பம். அவருக்கு நன்றாகத் தேறி வந்தது. கையிருப்பு தீர்ந்தது. அவர் சிறுநீரிலிருந்து கூட மருந்தைப் பிரித்தெடுத்து மீண்டும் ஏற்றினார்கள். போதவில்லை, மார்ச்சில் இறந்துபோனார். ஆன்டிபயாடிக்கின் வரலாறே ஒரு தோல் தொற்றில் தொடங்கியதுதான். அன்று ஒரு சிட்டிகை மருந்துக்குச் சிறுநீரைக் காய்ச்சினார்கள். இன்று அட்டை அட்டையாக வாங்கி, மூன்று மாத்திரை போட்டு, மீதியை மிக்சி டப்பாவில் போட்டு வைக்கிறோம்.

பிள்ளைகளின் சிரங்குக்கு வருகிறேன். வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வந்தால் ஒரு பெஞ்சுக்கே வரும். ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் பூர்வகுடிப் பிள்ளைகள் 508 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2014-இல் லான்செட்டில் வந்தது. ஒரு பெனிசிலின் ஊசியா, சில நாள் கோட்ரைமாக்சசோலா? இரண்டிலும் 85 சதவீதம் குணம். ஊசி போட்ட பிள்ளைகளில் 30 சதவீதம் பேருக்கு வலி, அவ்வளவுதான் வித்தியாசம். ஃபிஜித் தீவில் நடந்தது அதைவிட விசேஷம். சிரங்குக்கு அடியில் இருப்பது பல நேரம் சொறிப்பூச்சி; அரிப்பில் சொறிந்த இடத்தில்தான் பாக்டீரியா குடியேறுகிறது. அங்கே ஊர் முழுவதற்கும் சொறிக்கான ஐவர்மெக்டின் கொடுத்தார்கள். ஆன்டிபயாடிக் கொடுக்கவே இல்லை. ஓராண்டில் சொறி 94 சதவீதம் குறைந்தது, சீழ்ச்சிரங்கு 67 சதவீதம் குறைந்தது. இதையும் ஏணியில் எந்தப் படியில் வைப்பீர்கள்?

இனி, ‘சரி, வேலை செய்யாத மருந்தைத் தின்றால் என் காசுதானே போகிறது’ என்பவர்களுக்கு. உங்கள் காசு மட்டும் போனால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

மாத்திரை கட்டிக்கு மட்டும் போவதில்லை. வயிற்றில் இறங்கி, அங்கே காலங்காலமாகக் குடியிருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களை எல்லாம் தொட்டுவிட்டுத்தான் போகும். பலவீனமானவை சாகும், எதிர்ப்புத் திறன் உள்ளவை பெருகும், அந்தத் திறனை அண்டைக் கிருமிக்கும் கைமாற்றிக் கொடுக்கும். இன்று கட்டிக்குச் செஃபிக்சிம் தின்றவருக்கு நாளை சிறுநீர்த் தொற்று வந்தால், வாயால் விழுங்கும் மருந்து எதுவும் கேட்காமல் ஊசிக்குப் படுக்க நேரலாம்.

செஃபிக்சிமும் அசித்ரோமைசினும் உண்மையிலேயே தேவைப்படும் நோய் ஒன்று நம் ஊரில் இருக்கிறது: டைபாய்டு. சிப்ரோஃப்ளாக்சசின் ஒரு காலத்தில் டைபாய்டுக்கு அருமருந்து. அதைச் சளிக்கும் பேதிக்கும் வாரியிறைத்தே கெடுத்தோம். பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016 முதல் பரவிய டைபாய்டுக் கிருமி மூன்றாம் தலைமுறை மருந்துகளுக்கும் அடங்கவில்லை. அங்கே வாயால் விழுங்க மிஞ்சியது அசித்ரோமைசின் ஒன்றே. அதைத்தான் நாம் முழங்கால் சிராய்ப்புக்கு ‘மூணு நாள் கோர்ஸ்’ என்று தின்கிறோம். 2019-இல் இந்தியத் தனியார் சந்தையில் மிக அதிகமாகப் புழங்கிய ஆன்டிபயாடிக் அசித்ரோமைசின் 500 மாத்திரை. இரண்டாவது செஃபிக்சிம் 200. உலக சுகாதார நிறுவனம் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் வகை நம் நாட்டில் 27 சதவீதம்தான். கவனமாகக் கையாள வேண்டும் என்று சொல்லும் வகை 54.9 சதவீதம். 2030-க்குள் முதல் வகை 70 சதவீதத்தைத் தொட வேண்டும் என்று 2024-இல் ஐ.நா. சபையில் எல்லா நாடுகளும் சேர்ந்து ஒப்புக்கொண்டிருக்கின்றன.

ஏணியின் உச்சியில் வைத்தாரே லினசோலிட், அதைப் பற்றி எழுதும்போது கை நடுங்குகிறது. மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு முன்பு ஒன்றரை இரண்டு ஆண்டு மருந்து, தினம் ஊசி, காது கேட்காமல் போவது என்று சித்திரவதை. இப்போது ஆறே மாதத்தில் முடிக்கும் நான்கு மருந்துக் கூட்டு வந்திருக்கிறது. 2024-இல் மத்திய அரசும் அனுமதித்தது. அந்த நான்கில் ஒன்று லினசோலிட். இன்னொன்று மாக்சிஃப்ளாக்சசின், ஏணியில் நடுப்படியில் இருக்கும் லீவோஃப்ளாக்சசினின் உடன்பிறப்பு. உலகிலேயே அதிகக் காசநோயாளிகள் இருக்கும் நாட்டில், அவர்களின் கடைசிப் புகலை அக்குள் கட்டிக்குச் சிபாரிசு செய்து, ‘ஓர் உயிரைக் காக்கலாம்’ என்று எழுத ஒரு துணிச்சல் வேண்டும்.

எதிர்வாதங்கள் வரும். தெரிந்த இரண்டுக்கு இப்போதே பதில். ‘நீங்கள் காட்டுவதெல்லாம் வெளிநாட்டு ஆய்வு, இங்கே மெதிசிலினுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் அதிகம்.’ உண்மை. ஐ.சி.எம்.ஆர். கண்காணிக்கும் பெரிய மருத்துவமனைகளில் கிடைக்கும் ஸ்டஃபைலோகாக்கஸில் 40 சதவீதத்துக்கு மேல் அந்த ரகம். அந்த ரகத்துக்குச் செபலெக்சின் கேட்காது. ஆனால் செஃபிக்சிமும் கேட்காது! அந்த வாதம் இட்டுச்செல்வது சீழைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பி எந்த மருந்துக்குக் கேட்கிறது என்று பார்ப்பதற்கு. மேல்படிக்குத் தாவுவதற்கு இல்லை. கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். ஆகட்டுமே, கீறி விட்ட கட்டி அதுவரை காத்திருக்கும்.

இரண்டாவது, ‘சர்க்கரைக்காரர்கள் என்ன செய்வது?’ அவர்களுக்கு நான் மேலே சொன்ன சாதாரணக் கணக்கு எதுவும் பொருந்தாது. முதுகில் ராஜபிளவை, காலில் ஆறாத புண் என்றால் நேராக மருத்துவமனை. மாத்திரை ஒப்பீடு பிறகு. சர்க்கரை இல்லாதவர்களும் இதைக் கவனியுங்கள்: பார்வைக்குச் சின்னதாக இருந்து வலி தாங்க முடியாமல் இருந்தால், சில மணி நேரத்தில் பரவினால், தோல் கறுத்தாலோ கருநீலக் கொப்புளம் எழும்பினாலோ, அழுத்தும்போது நறநறவென்றாலோ, கண்ணைச் சுற்றி வீங்கினாலோ, குழப்பமாகப் பேசினாலோ, ஒரு இரவுகூடத் தள்ளாதீர்கள். தசை அழுகும் அந்த நோயில் காப்பாற்றுவது அறுவைக் கத்தியும் நேரமும்தான்.

டாக்டர்களையும் கேட்க ஒன்று உண்டு. கட்டியைக் கீற மரப்பு ஊசி, கத்தி, பஞ்சு, பத்துப் பதினைந்து நிமிடம் வேண்டும். சீட்டு எழுத அரை நிமிடம் போதும். மாலையில் நாற்பது டோக்கன் போடும் கிளினிக்கில் எது நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கீறி விடும் வேலையை இன்றும் காசு வாங்காமல் செய்வது அரசு ஆஸ்பத்திரிதான். அங்கே கொடுக்கும் பழைய மாத்திரையைத்தான் ‘கவர்மென்ட் மாத்திரை’ என்று வாசலிலேயே எறிந்துவிட்டு, எதிர்க்கடையில் ஏணியின் நடுப்படியை வாங்குகிறோம்.

எதிர்க்கடையில் நடப்பது எல்லோருக்கும் மனப்பாடம்.

“அண்ணே, தொடையில கட்டி, உக்கார முடியல. நல்ல ஸ்ட்ராங்கா ஒண்ணு குடுங்க.”

“இந்தாங்கக்கா, இதுல காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு. மூணு நாளைக்குப் போதும்.”

சீட்டு எங்கே? ஆன்டிபயாடிக் மாத்திரை எதையும் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்பது சட்டம். செஃபிக்சிம், லீவோஃப்ளாக்சசின் போன்றவற்றுக்கு 2014 மார்ச் முதல் இன்னும் கடுமையான ஹெச்1 பட்டியல்: எழுதிய டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும், மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். பத்தாண்டு கடந்துவிட்டது. பக்கத்துக் கேரளத்தில் 2024-இல் ‘ஆபரேஷன் அம்ரித்’ என்று பெயர் வைத்துக் கடை கடையாகத் திடீர் சோதனை நடத்தினார்கள். நம் பக்கத்துக் கடைகளில் அந்தப் பதிவேட்டைக் கண்ணால் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள்.

இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் மருந்துக்கடை வைத்திருக்கும் பழைய மாணவர்கள் சிலர் இருக்கிறீர்கள். கோபம் வரும், வரட்டும். கருத்துப் பகுதியில் பதில் எழுதும்போது இரண்டு எண்கள் மட்டும் போடுங்கள் தம்பிகளா: போன மாதம் ஹெச்1 பதிவேட்டில் ஏறிய செஃபிக்சிம் எத்தனை அட்டை, கடையை விட்டு வெளியே போன செஃபிக்சிம் எத்தனை அட்டை. கழித்தலை நான் போட்டுக்கொள்கிறேன்.